ஹாலிவுட் காவியங்களின் சூப்பர் 8 சுருக்கப் பிரதிகள்: பார்த்து வாங்க, பத்திரமாக ஓட்ட

வீடியோ கேசட் வருவதற்கு முன், ஒரு ஹாலிவுட் படத்தைச் சொந்தமாக வீட்டில் வைத்துக்கொள்ள இருந்த வழி சுருக்கப் பிரதிதான். மூன்றரை மணி நேரப் படத்தை எட்டு, பத்து அல்லது பதினெட்டு நிமிடத்துக்கு வெட்டி, 8 மில்லிமீட்டர் பிலிமில் அச்சடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார்கள். அமெரிக்காவில் காஸில் பிலிம்ஸ் 1930களிலிருந்தே இந்த வியாபாரத்தில் இருந்தது. பின்னர் யுனிவர்சல் கைக்குப் போய், 1977இல் யுனிவர்சல் 8 என்று பெயர் மாறியது. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படங்களுக்குக் கென் பிலிம்ஸ். கொலம்பியா தன் படங்களைத் தானே வெளியிட்டது. இங்கிலாந்தின் டெரான் மட்டும் 2011 வரை தாக்குப்பிடித்தது. மற்றவர்கள் பெரும்பாலும் 1980களின் நடுவில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

இன்று இணைய ஏலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வருடம் பழைய பிலிம். ஆகவே படத்தின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே நிறுவனம் ஒரே வருடம் அச்சடித்த இரண்டு பிரதிகளில் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று ரோஜாப்பூ நிறத்திலும் இருக்கும். வாங்குவது படத்தை அல்ல, அந்த ஒரு பிரதியை.

அளவும் நேரமும்

சூப்பர் 8 என்ற 8 மில்லிமீட்டர் வகைப் பிலிமில் ஓர் அடிக்கு 72 பிரேம். பேசும் பிரதி நொடிக்கு 24 பிரேம் ஓடும். அப்படியானால் 50 அடிச் சுருள் இரண்டரை நிமிடம், 200 அடி பத்து நிமிடம், 400 அடி இருபது நிமிடம். இது கணக்கு. நடைமுறையில் சுருளை விளிம்பு வரை நிரப்பமாட்டார்கள். 400 அடி என்று போட்டிருந்தால் 17, 18 நிமிடம் எதிர்பாருங்கள். ஐரோப்பியப் பெட்டிகளில் மீட்டரில் இருக்கும்: 60 மீட்டர் என்பது ஏறத்தாழ 200 அடி, 120 மீட்டர் என்பது 400 அடி.

காவியப் படத்துக்கு 200 அடி போதாது. ‘பென்-ஹர்’ (1959) 212 நிமிடம். ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ (1956) 220 நிமிடம். இவற்றைப் பத்து நிமிடத்தில் சொல்ல முயன்றால் ஒரு பின்னணிக் குரல் கதையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். காட்சி எதுவும் நிற்காது. ஒரே சுருள்தான் வாங்குவதென்றால் ஒரு பெருங்காட்சியை மட்டும் எடுத்துக்கொண்ட பிரதியே மேல். ‘பென்-ஹர்’ சாரட் பந்தயம் படத்தில் ஏறக்குறைய ஒன்பது நிமிடம்; அது ஒரு சுருளுக்குள் முழுசாக உட்காரும். கதையும் வேண்டுமென்றால் மூன்று 400 அடிச் சுருள்களாக வந்த வெளியீடுகளைத் தேடுங்கள். ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும், பார்க்கும்போது ஒரு படம் பார்த்த திருப்தி இருக்கும். பாகம் 2 மட்டும், பாகம் 3 மட்டும் தனியாக மலிவாக விற்பார்கள். விட்டுப்போன பாகம் பின்னால் தனியாகக் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். கிடைத்தாலும் நிறம் ஒத்துவராது.

சூப்பர் 8 அறிமுகமானது 1965இல். அதற்கு முந்தையது ஸ்டாண்டர்ட் 8. இரண்டுமே 8 மில்லிமீட்டர் அகலம் என்பதால் விற்பவர்களுக்கே குழப்பம். துளையைப் பாருங்கள்: சூப்பர் 8இல் துளை சின்னது, பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ஸ்டாண்டர்ட் 8இல் துளை பெரியது, இரண்டு பிரேம் சேரும் கோட்டில் இருக்கும். ரீலின் நடு ஓட்டையும் சொல்லிவிடும். சூப்பர் 8 ரீலில் அது அரை அங்குலத்துக்கு அகலமாக இருக்கும். இதைப் பார்க்காமல் ஏற்றினால் பிலிமை இழுக்கும் புரொஜெக்டரின் நகம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும்.

ஊமைப் பிரதிகளில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மூலப்படம் 24 பிரேமில் எடுத்தது. ஊமைப் புரொஜெக்டர் 18இல் ஓட்டும். குதிரைகள் தண்ணீரில் ஓடுவதுபோல மெதுவாகத் தெரியும். வேகத்தை 24க்கு ஏற்றினால் ஓட்டம் சரியாகும், ஆனால் எழுத்து அட்டைகள் படித்து முடிப்பதற்குள் போய்விடும். அட்டை வரும்போது குறைத்து, காட்சிக்கு ஏற்றி ஓட்டலாம். சலிப்பில்லை என்றால் நல்ல விளையாட்டு.

நிறம்: இங்கேதான் பணம் போகும்

1970களின் வண்ணப் பிரதிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்மன் பிலிமில் அச்சானவை. அந்தப் பிலிமில் சயான் சாயம்தான் முதலில் போகும். நீலப்பச்சை போனால் மிச்சம் சிவப்பு. முதலில் வானம் வெளிறும், பிறகு நிழல்கள் பழுப்பாகும், கடைசியில் எகிப்தும் ரோமும் ஒரே இளஞ்சிவப்பு. 1980களின் தொடக்கத்தில் ஈஸ்ட்மனின் எல்பிபி என்ற குறைவாக மங்கும் பிலிம் வந்தது. அதில் அச்சான பிரதிகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. பிற்கால டெரான் வெளியீடுகளுக்கு அதிக விலை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கிய சாயத்தை எந்த ரசாயனமும் திருப்பித் தராது. லென்ஸுக்கு முன் வெளிர் சயான் பில்டர் வைத்தால் சிவப்பு கொஞ்சம் அடங்கும், வெளிச்சமும் கூடவே குறையும். பாதி மங்கிய பிரதிக்கு அது உதவும். முழுக்கச் சிவந்ததற்கு உதவாது.

விற்பவரிடம் படம் அனுப்பச் சொல்லும்போது எதைக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். பெட்டியின் அட்டைப்படத்தால் பயனில்லை. சுருளின் ஆரம்பம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் நாலைந்து பிரேமை வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். துளைகளும் படத்துக்குள் விழ வேண்டும். இப்போதைய போன்கள் நிறத்தைத் தாங்களே திருத்திவிடும். சிவந்த பிரதியைக்கூட ஓரளவு சரியாகக் காட்டும். துளை வழியாக வருவது வெறும் விளக்கு வெளிச்சம். அது போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தால் பிரேமின் நிறத்தை நம்பலாம். துளையே பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் போன் சிவப்பைக் கழித்திருக்கிறது.

அடுத்து கறுப்பைப் பாருங்கள். முகம் ஏமாற்றும். சிவந்த பிரதியில் முகம் ஆரோக்கியமாகக்கூடத் தெரியும். குதிரையின் கறுப்பு, இரவுக் காட்சியின் இருட்டு, எழுத்துகளுக்குப் பின்னுள்ள கறுப்பு ஆகியவை நிஜக் கறுப்பாக இருந்தால் சயான் இன்னும் இருக்கிறது. காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தால் விலையைப் பாதிக்குக் கீழே கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். “நிறம் அருமை”, “கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம்” என்ற வர்ணனைகளில் இரண்டாவது எப்போதும் சிவப்பு என்றே பொருள்.

கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு இந்தக் கவலையே இல்லை. வண்ணப் படங்களையும் மலிவு விலைக்காக அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து விற்றார்கள். வெள்ளியால் ஆன பிம்பம் சாயம்போல வெளிறாது. சேகரிக்கத் தொடங்குபவர் இதில் கை பழகலாம்.

அகலம்: எவ்வளவு படம் காணாமல் போயிருக்கிறது?

காவியங்களைப் பொறுத்தவரை நிறத்துக்கு அடுத்தது இதுதான். அகலத்திரைக்காகவே எடுத்த படங்களை 1.33க்கு 1 என்ற, ஏறக்குறையச் சதுரமான பிரேமில் அடைத்தால் ஓரங்கள் போகும். எவ்வளவு போகும் என்பதை வகுத்தால் தெரியும். ‘பென்-ஹர்’ 2.76க்கு 1, சதுரப் பிரதியில் அகலத்தின் பாதிகூட, அதாவது 48 சதவீதத்துக்கு மேல், தெரியாது. நான்கு குதிரை பூட்டிய சாரட்டைக் காட்டினால் பக்கத்து சாரட் வெளியே நிற்கும். 2.35 அகலமுள்ள சினிமாஸ்கோப் படத்தில் 57 சதவீதம் மிஞ்சும். ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ விஸ்டாவிஷன் என்ற வேறொரு அகலத்திரை முறையில் எடுத்தது. அது இவ்வளவு அகலமில்லை என்பதால் சதுரப் பிரதியிலும் இழப்பு குறைவு. ஆகவே 70 மில்லிமீட்டர் படங்களுக்கும் சினிமாஸ்கோப் படங்களுக்கும் ஸ்கோப் பிரதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். விஸ்டாவிஷன் படத்துக்குச் சதுரப் பிரதியே போதும்.

ஸ்கோப் பிரதியில் படம் பக்கவாட்டில் பாதியாக நசுங்கியிருக்கும். ஆட்கள் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். அதை விரிக்க 2 மடங்கு அனமார்பிக் லென்ஸ் வேண்டும். கோவா, சாங்கோர், இஸ்கோ போன்றவை பழைய சந்தையில் கிடைக்கும். 1.5 மடங்கு லென்ஸும் விற்பனைக்கு வரும். அதை வாங்கினால் ஒல்லி கொஞ்சம் குறையுமே தவிர சரியாகாது. லென்ஸோடு அதைப் புரொஜெக்டர் லென்ஸுக்கு நேரே பிடித்துவைக்கும் தாங்கியும் வாங்க வேண்டும். கொஞ்சம் சுற்றிப்போய் மாட்டினால் திரையில் செங்குத்துக் கோடுகள் சாயும். தூண்கள் உள்ள காட்சியை ஓட்டி, லென்ஸைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ரோமானியப் படங்களில் தூணுக்குப் பஞ்சமில்லை.

அதே வெளிச்சம் இரட்டை அகலத்தில் பரவுவதால் திரை பாதி மங்கலாகும். 100 வாட் ஹாலஜன் விளக்குக்கு சதுரப் படம் ஒன்றரை மீட்டர் அகலம் வரை நன்றாக இருக்கும். ஸ்கோப்பிலும் அந்த அகலத்தைத் தாண்ட வேண்டாம்.

பிலிம் கையில் வந்ததும்

முதலில் முகருங்கள். புளிச்ச வாடை, அதாவது வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவி மற்ற சுருள்களையும் கெடுக்கும், எனவே உடனே தனி அறைக்குக் கொண்டுபோங்கள். வாடை தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத்தாள் உண்டு. டப்பாவுக்குள் ஒரு நாள் மூடிவைத்தால் நீலம் பச்சையாகும்; நிலை மோசமானால் மஞ்சளாகும். பச்சை மஞ்சளை நோக்கிப் போகும் பிரதியைச் சேகரிப்பில் வைக்காதீர்கள். சீக்கிரம் ஸ்கேன் செய்துகொண்டு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து ரீலைப் படுக்கையாகத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய பிலிம் வழியாக வெளிச்சம் ஊடுருவினால் பாலியெஸ்டர். இருட்டாகத் தெரிந்தால் அசிட்டேட். பாலியெஸ்டருக்கு வினிகர் நோய் வராது. ஆனால் அது கிழியாது. எங்காவது சிக்கினால் பிலிம் அறுவதற்குப் பதில் புரொஜெக்டரின் பாகம் உடையும். பிலிம் சிமென்ட் என்ற பசையால் போடும் ஒட்டும் அதில் பிடிக்காது, டேப் ஒட்டுதான் போட முடியும்.

பிறகு கையால் சுற்றும் ரீவைண்டரில் போட்டு முழு நீளத்தையும் ஒருமுறை பாருங்கள். வேகமாகச் சுற்ற வேண்டாம். பருத்திக் கையுறை போட்ட இரண்டு விரலால் பிலிமின் ஓரங்களை மட்டும் மெல்லப் பிடித்தால் கிழிந்த துளையும் தூக்கிய ஒட்டும் விரலில் தட்டும். அடுத்தடுத்து மூன்று துளை கிழிந்திருந்தால் அந்த இடத்தில் லூப், அதாவது புரொஜெக்டருக்குள் பிலிமுக்கு விடும் தளர்வான வளைவு, கட்டாயம் போய்விடும், படம் மேலும் கீழும் துள்ளும்.

கீறல்களிலும் வேறுபாடு இருக்கிறது. திரையில் கறுப்புக் கோடாகத் தெரிவது பிலிமின் பளபளப்பான முதுகுப்பக்கக் கீறல். பிலிம் சுத்தம் செய்யும் எண்ணெய்த் தன்மையுள்ள திரவம் அந்தப் பள்ளத்தை நிரப்பி, கோட்டைப் பெரும்பாலும் மறைத்துவிடும். பச்சைக் கோடு என்றால் படம் இருக்கும் பக்கமே கீறியிருக்கிறது: அச்சுப் பிலிமில் மெஜந்தா (ஊதாச்சிவப்பு) அடுக்குதான் மேலே இருக்கும், அது சுரண்டுப்பட்டால் மிச்சம் பச்சை. இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள். இதற்கு மருந்து கிடையாது.

ஒட்டு போட வேண்டி வந்தால் சூப்பர் 8க்கான டேப் ஸ்ப்ளைசரை மட்டும் பயன்படுத்துங்கள்; சிஐஆர் நிறுவனத்தின் கில்லட்டின் வகை எளிதாக இருக்கும். டேப், பிலிமின் ஓரத்தில் ஒலி பதிவாகியிருக்கும் காந்தப் பட்டைமேல் ஏறக் கூடாது. ஏறினால் புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் தலையில் பிலிம் தூக்கி, ஒலி ஒரு கணம் அடைத்துக்கொள்ளும். சூப்பர் 8இல் ஒலி, படத்துக்கு 18 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். அதனால் ஒரு பிரேமை வெட்டினால் படம் துள்ளிய முக்கால் நொடி இடைவெளியில் ஒலியும் துள்ளும். கிழிந்த துளைக்காகப் பிரேமை வெட்டி எறியாமல், மேலே டேப் போட்டுச் சமாளிப்பதே நல்லது.

காந்தப் பட்டை

பிலிமின் ஓரத்தில் பழுப்பாக ஓடும் மெல்லிய கோடுதான் ஒலி. துளைப்பக்கம் இன்னொரு மெல்லிய பட்டை இருக்கும். பிலிம் சமமாகச் சுற்றுவதற்காகப் போட்டது அது. பிற்காலத்தில் ஸ்டீரியோவின் இரண்டாவது தடமாகவும் பயன்பட்டது. ரீலைத் தட்டும்போது பழுப்புத் தூள் உதிர்ந்தால், அல்லது பட்டை நூல்போலப் பிரிந்து தொங்கினால், அந்தப் பிரதியை ஓட்டாதீர்கள். உரிந்த பட்டை கேட்டுக்குள், அதாவது லென்ஸுக்குப் பின்னால் பிலிம் கடந்துபோகும் சட்டத்துக்குள், போய்ச் சுருண்டுகொள்ளும்.

ஒலிப்பதிவு வசதியுள்ள புரொஜெக்டரில் ரெக்கார்ட் பொத்தானைத் தவறிப்போய் அழுத்தினால் மூல ஒலி அழிந்துவிடும், மீட்க வழியில்லை. பொத்தான்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இதே வசதி சில சமயம் நன்மையும் செய்யும். ஜெர்மன் மொழி பேசும் பிரதி நல்ல நிறத்தில் கிடைத்தால் வாங்கி, ஆங்கில ஒலியை அதே பட்டையில் மறுபதிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இதைச் செய்யத் தயங்குவார்கள், ஆகவே அத்தகைய பிரதிகள் மலிவாகவே போகின்றன.

காந்த முனையுள்ள ஸ்க்ரூடிரைவர், ஸ்பீக்கர் இவற்றின் பக்கத்தில் சுருளை வைக்காதீர்கள். விமான நிலைய, தபால் எக்ஸ்ரே பற்றிக் கவலை வேண்டாம். கழுவி அச்சான பிலிமை அது ஒன்றும் செய்யாது.

புரொஜெக்டர்: நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றது

எல்மோ எஸ்டி-1200, ஜிஎஸ்-1200, ஆஸ்திரியாவின் ஆய்மிக் (Eumig), ஜெர்மனியின் பாவர் ஆகியவை பரவலாகக் கிடைக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் அமெரிக்கப் புரொஜெக்டர் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. மின்சார அதிர்வெண்ணை நம்பி ஓடும் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 24 பிரேமுக்குப் பதில் 20 பிரேம்தான் ஓட்டும். மோசஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஐரோப்பாவிலிருந்து 240 வோல்ட் மாடல் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

வாங்கியதும் மின்சாரம் கொடுக்காமல் பின்மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் மாற்ற வேண்டும். பழைய ரப்பரைச் சுரண்டி ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும். கேட்டில் படிந்த அழுக்கை மரக்குச்சியால் எடுங்கள். உலோகத்தால் சுரண்டினால் அங்கே விழும் கீறல் இனி ஓடும் ஒவ்வொரு பிலிமிலும் விழும். விளக்கை விரலால் தொடாதீர்கள். முதல் ஓட்டத்துக்கு நல்ல பிரதியை ஏற்றாமல், கெட்டுப்போனால் கவலையில்லாத ஒரு ஊமைச் சுருளை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடியபின் நிறுத்தி, அதில் புதுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காவியத்தை ஏற்ற வேண்டும்.

பிலிமைத் தானாகக் கோத்துக்கொள்ளும் புரொஜெக்டர்களில் அதன் நுனி சுருண்டிருந்தால் உள்ளே மடங்கிவிடும். ஒவ்வொரு சுருளின் தலையிலும் ஒன்றரை மீட்டர் புதிய வெள்ளை லீடர் (படமில்லாத வெற்றுப் பிலிம்) ஒட்டி, நுனியைப் புரொஜெக்டரோடு வரும் வெட்டியில் வெட்டுங்கள்.

சுத்தமும் சேமிப்பும்

பிலிமைத் தண்ணீரால் துடைக்கக் கூடாது; எமல்ஷன், அதாவது படம் இருக்கும் பூச்சு, ஊறி ஒட்டிக்கொள்ளும். பிலிமுக்கென்றே விற்கும் திரவம், அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹால், நூல் உதிராத துணி, இவை போதும். எந்தத் திரவமானாலும் முதலில் கடைசி அடியில் காந்தப் பட்டைமேல் ஒரு சொட்டு வைத்துத் துடையுங்கள். துணி பழுப்பானால் அந்தத் திரவம் வேண்டாம்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி ஈரப்பதமான ஊர்களில் பூஞ்சைதான் முதல் எதிரி. 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் பிலிம் நிம்மதியாக இருக்கும். கேமராக்காரர்கள் வைக்கும் டிரை கேபினெட் இதற்குக் கச்சிதம். இல்லாவிட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு மூடிய பெட்டி. அசிட்டேட் பிலிமைக் காற்றுப்புகாத டப்பாவில் சாதாரண அறை வெப்பத்தில் அடைத்து மறந்துவிடக் கூடாது. வெளியேற முடியாத அமிலம் அதையே தின்னும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து முகர்ந்து, ரீவைண்ட் செய்து வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் நிறம் நெடுநாள் நிற்கும். ஆனால் எடுத்த பையைத் திறக்காமல் ஓர் இரவு அறையில் வைத்திருந்து மறுநாள்தான் திறக்க வேண்டும். பெட்டியில் வரும் பழைய ரப்பர் பேண்டுகளையும் செல்லோ டேப்பையும் அன்றே எறிந்துவிடுங்கள்.

மூன்று பாகப் பிரதியை இடைவெளியில்லாமல் பார்க்க, எஸ்டி-1200 போன்ற புரொஜெக்டரில் 1200 அடி ரீலில் மூன்றையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது பாகம் 2, பாகம் 3 என்று வரும் தலைப்புகளையும், முதல் இரண்டு பாகங்களின் கடைசி அட்டைகளையும் வெட்டி எடுப்பீர்கள். அவற்றைச் சுருட்டி, எந்தப் பாகத்தது என்று எழுதி, அசல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பின்னால் விற்கும்போது அந்தப் பத்து அடி இல்லாத பிரதியை யாரும் முழுப் பிரதி விலைக்கு எடுக்கமாட்டார்கள்.